சாப்பாட்டு மேசையில் கமரா

என் கல்யாண வீடியோவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

அதை எடுத்தவர் மாமாவின் மகன், லண்டனில் இருக்கும் என் மச்சான். கல்யாணத்துக்கென்று வந்து நிலாவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவரை நாங்கள் ஏற்கெனவே ஒழுங்குபண்ணியிருந்தோம். வீட்டுக்கு வந்த முதல் நாளே மச்சான் அதைக் கெடுத்தார்.

"எதுக்கு மாமி வீண் செலவு? என்னட்ட இருக்கிற கமராவை இவையள் கண்ணாலயும் கண்டிருக்க மாட்டினம்."

அண்ணன் மகன் சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சு இல்லை. நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ஸ்டூடியோக்காரருக்குத் தானே போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அதற்கு முந்தைய வருடம் பக்கவாதம் வந்திருந்தது. வலது கையும் காலும் சொன்ன பேச்சுக் கேட்காது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்குப் பொல்லூன்றி நடப்பது பெரிய வெட்கம். என்றாலும் தேவாலயத்தில் என்னைப் பீடம் வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு போவேன் என்று பிடிவாதமாக நின்றார். அதற்காக எங்கள் வீட்டடி லிங்கநகர் ஒழுங்கையில் காலை வேளைகளில் என் கையைப் பிடித்தபடி நடந்து பழகினார். கல்யாணத்தன்று பொல்லில்லாமல் நடந்தார். வியர்த்து ஒழுகியது, நிற்கவில்லை.

வீடியோவில் அந்த நடை இல்லை. மச்சான் கமராவைத் தன் முகத்துக்கே திருப்பி வைத்துக்கொண்டு, இணையத்தில் தான் நடத்தும் சனலைப் பார்ப்பவர்களுக்கு எங்கள் ஊர்க் கல்யாணத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய காதுக்குப் பின்னால் மங்கலாக அசைந்த வெள்ளை நிறம்தான் நானும் அப்பாவும். தாலி கட்டிய நேரத்தில் ஆளே உள்ளே இல்லை. வெளியே ட்ரோன் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தேவாலயத்தின் கூரை நெடுநேரம் சுற்றிச் சுற்றி வருகிறது.

இதையெல்லாம் கூட மறந்திருப்பேன். கல்யாணத்துக்கு அடுத்த நாள் என் கணவர் தன் போனை என்னிடம் நீட்டினார். மச்சான் தன் சனலில் ஒரு துண்டுக் காட்சி போட்டிருந்தார். மண்டபத்துச் சாப்பாட்டு மேசையில் அப்பா இடது கையால் சாப்பிடுகிறார். கோணிய வாயோரத்தால் கோழிக்குழம்பு வழிந்து வெள்ளைச் சட்டையில் விழுகிறது. துடைக்கப் பார்க்கிறார், கை போய்ச் சேரவில்லை. அதன் மேல் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தத்தைச் சேர்த்திருந்தார். கீழே முன்பின் தெரியாதவர்களெல்லாம் சிரித்து எழுதியிருந்தார்கள்.

அன்றே நாங்கள் இருவரும் நிலாவெளிக்குப் போனோம். மச்சான் நீச்சல் குளத்துப் பக்கம், தலை ஈரத்தோடு, கதிரையில் சாய்ந்திருந்தார்.

"பகிடிக்குப் போட்டனான். உன்ர அப்பா எண்டு ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்தானே. அழியுங்கோ."

அழித்தார். அழிக்க முதல், எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்ப வேண்டும் போல் இருக்கிறது.

அதற்குள் அது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சலூனில் முடி வெட்டப் போன அப்பாவுக்கு யாரோ அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். சலூன்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அப்பா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிடுகிறார். அம்மாவைக்கூட உள்ளே விடுவதில்லை.

இந்த வருடம் தம்பிக்குக் கல்யாணம். யாரையும் கேட்காமல் நானே அந்த ஓர்ஸ் ஹில் ஸ்டூடியோக்காரரிடம் போனேன். முன்பு நாங்கள் செய்ததை அவர் சொல்லிக் காட்டவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து, யார் யார் முக்கியம், எங்கே நிற்பார்கள் என்று விசாரித்தார். பிறகு, "ஆரையாவது, எதையாவது எடுக்கக் கூடாதெண்டு இருந்தால் இப்பவே சொல்லுங்கோ" என்றார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்பதே அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. சாப்பாட்டு நேரம் வேண்டாம் என்றேன். ஓம் என்றார், காரணம் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று தம்பியை ஆசீர்வதித்து நெற்றியில் சிலுவை அடையாளம் போட அப்பா கையைத் தூக்கியபோது அது நடுங்கியது. "ஐயா, ஆறுதலாச் செய்யுங்கோ. நான் நிக்கிறன்" என்று மட்டும் ஸ்டூடியோக்காரர் சொன்னார். அப்பா அவசரப்படாமல், ஆறுதலாகச் செய்தார். அந்த முகம் முழுதாக வீடியோவில் இருக்கிறது. பந்தி தொடங்கியதும் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இருந்தும் அப்பா மண்டபத்தில் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, அறைக்குள், தனியாகத்தான் சாப்பிட்டார்.

தம்பியின் வீடியோவை அம்மா லண்டனுக்கும் அனுப்பியிருக்கிறார். மச்சான் உடனே போன் எடுத்து, நல்லாய் வந்திருக்கு, அதில் சில துண்டுகளைத் தன் சனலில் போடலாமா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கி, ஏலாது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அம்மா இப்போதும் அவரோடு கதைப்பதுண்டு. ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்கத் தொடங்கினால் நான் எழுந்து குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவேன்.