இலைச் செம்மறியும் கருத்துச் சொல்லும் உரிமையும்

“செய்தி சொல்லுதது வேற, கருத்துச் சொல்லுதது வேற தங்கச்சி. நீ ஒரு ஆட்டமாவது முடிச்சிருக்கியா?”

தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி இதை என்னிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். அவர் எங்கள் செல்போன் குழுவில், அத்தனை பேர் காதிலும் விழும்படி குரல் பதிவாகப் போட்டார். பின்னால் யாரோ ஒருவர் கண் பரிசோதனைக்காகச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு முன்னால்கூட எனக்கு மானம் போயிற்று.

எங்கள் குழு ஒரு விளையாட்டுக்கானது. இரண்டு கைக்குள் அடங்குகிற சின்னக் கருவியில் ஆடும் ஆட்டம். ஒரு கற்பனை நாட்டில் ஊர் ஊராக நடக்க வேண்டும். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் விநோதப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விட்டு, கடைசியில் அந்த நாட்டின் பெரிய வீரனைத் தோற்கடிக்க வேண்டும். கொஞ்ச வருடங்களுக்கு ஒருமுறை புது ஆட்டம் வரும். வருவதற்கு முன்பே அதைப் பற்றிய செய்திகள் வரும். செய்தி வருவதற்கு முன்பே வதந்தி வரும். வதந்திக்கும் முன்னால் எங்கள் குழுவில் சண்டை வந்துவிடும்.

அந்தச் செய்திகளைத் தமிழில் போடுகிறவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள், கல்லூரியையும் பார்த்தவள். தென்காசி கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஓர் ஆன்லைன் சென்டரில் ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆங்கில அறிவிப்புகளைப் படித்து, ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் போனுமாகத் தமிழாக்கிப் போடுவேன். “புதிய ஆட்டத்தில் மழை பெய்யும்” என்று ஒருநாள் போட்டேன். “சாரலா, அடமழையா, தெளிவாச் சொல்லவும்” என்று உடனே கேள்வி வந்தது. பயிர் வைத்து அறுவடை செய்யும் வசதி உண்டு என்று போட்டபோது, ராயகிரியில் விவசாயம் பார்க்கும் ஒருவர் அந்த நாட்டில் ஒரே நாளில் காய் பிடிக்கிறதே, என்ன உரம் என்று மூன்று முறை கேட்டார். நானும் தேடிப் பார்த்தேன். உரம் பற்றி அறிவிப்பில் எதுவும் இல்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நான் ஒரு கருத்தைச் சொன்னேன். பழைய ஆட்டங்களில் எந்தப் பிராணி சண்டை போடுகிறதோ அதற்கு மட்டும்தான் அனுபவம் ஏறும். புதியதில், பக்கத்தில் சும்மா நிற்கும் பிராணிகளுக்கும் கொஞ்சம் ஏறும் என்று அறிவித்திருந்தார்கள். குழுவே கொதித்தது. உழைக்காமல் ஏறினால் அது என்ன ஆட்டம் என்றார்கள். நான் எழுதினேன்: “இது நல்ல மாற்றம். எங்கள் வீட்டில் படித்தது நான் ஒருத்தி. ஆனால் பக்கத்தில் நின்ற அப்பா இப்போது பாங்கியில் போய் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கிறார். எல்லோருக்கும் கொஞ்சம் ஏறுவதில் என்ன தப்பு?”

எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது. அதற்குத்தான் அண்ணாச்சியின் அந்தக் குரல் பதிவு. குழுவை ஆரம்பித்தவர் அவர். ஓர் ஆட்டத்தையாவது முடித்தவர்களே கருத்துச் சொல்லலாம், மற்றவர்கள் செய்தியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். எனக்கோ அந்தக் கருவியே கிடையாது. மற்றவர்கள் ஆடும் வீடியோக்களைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டவள். அத்தனை செய்திகளையும் அவர்களுக்குப் படித்துச் சொன்னவளுக்கு ஒரு வரி கருத்துக்கு இடமில்லை என்பது என்னால் தாங்க முடிகிற விஷயமாக இல்லை.

அண்ணாச்சி கறார்தான், ஆனால் நியாயஸ்தர். அவரிடம் இரண்டு கருவிகள் இருந்தன. பழையதை ஆட்டத்தோடு சேர்த்து, கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி, மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் போட்டுக் கொடுத்தார். குற்றாலச் சீசன் முடிவதற்குள் முடித்துவிட்டு வா, அப்புறம் உன் வாயை யாரும் அடைக்க மாட்டார்கள் என்றார்.

நான் தொடங்கினேன். முதல் பிராணியாக நெருப்பு வாத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது ஊரில் ஒரு கிழவர் இலவசமாக ஒரு செம்மறியைக் கொடுத்தார். அதற்குக் கம்பளிக்குப் பதிலாக உடம்பெல்லாம் இலை. அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, மேலெல்லாம் இலை முளைச்சிருக்கே, அது தன்னைத்தானே மேஞ்சிராதா?”

இந்தத் தொடர் தொடங்கிய காலத்திலிருந்து உலகத்தில் எந்த ரசிகரும் கேட்காத கேள்வி இது என்று நினைக்கிறேன். ஆடு சரியாக வளரவில்லை, பலவீனமானது, சண்டைக்கு ஆகாது என்று சொல்லி அதைக் கூட்டத்தின் கடைசியில் வைத்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

அம்மாவுக்குக் குற்றாலத்தில் பழைய அருவி போகும் வழியில் பழக்கடை. சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பாள். இலத்தூரில் எங்கள் வீட்டில் பகலில் ஆள் இருப்பதில்லை. அடுத்தவர் பொருளைப் பூட்டிய வீட்டில் போட்டுவிட்டு வரக்கூடாது என்பது அம்மாவின் கொள்கை. வேலையிடத்தில் அதைக் கண்டால் என் முதலாளி என்னையே பூட்டிவிடுவார். ஆகவே தினமும் அந்தக் கண்ணாடிக் கூடு அம்மாவோடு பழக்கடைக்குப் போயிற்று.

அந்த வருடம் சாரல் அளவோடு நிற்கவில்லை. அருவியில் தண்ணீர் கூடிப்போய், குளிக்கத் தடை என்று அடிக்கடி அறிவித்தார்கள். தடை என்றால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் மங்குஸ்தானை யார் வாங்குவார்கள்? அம்மா தார்ப்பாய்க்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விண்ணப்ப வேலை குவிந்து பல வாரம் தொடாமலிருந்த கருவியை ஒருநாள் சாயங்காலம் திறந்தபோது என் நெருப்பு வாத்து நான் விட்ட நிலையிலேயே இருந்தது. மற்றவையும் அப்படியே. இலைச் செம்மறி மட்டும், ஆட்டத்தின் கடைசி வீரனின் பிராணிகளையே தூக்கிச் சாப்பிடும் நிலைக்குப் போயிருந்தது. நான் முதலில் கருவி பழுதாகிவிட்டது என்று பயந்தேன்.

அம்மாவைக் கேட்டபோது நடந்தது புரிந்தது. திரையில் இருக்கும் ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. மேலே முதலில் இருப்பதை அமுக்கினால் ஆடு முட்டும் என்பது மட்டும் தெரியும். கடைசியில் நின்ற ஆட்டை எப்படி முதலில் கொண்டுவந்தாள் என்பதை அவளாலேயே சொல்ல முடியவில்லை. ஆட்டை முன்னால் விட்டுவிட்டு, முதல் ஊருக்கும் இரண்டாவது ஊருக்கும் நடுவில் இருக்கும் புல்வெளியில் தடை போட்ட நாளெல்லாம் மேயவிட்டிருக்கிறாள். எதிரே வந்த எலி, தவளை, வண்டு எல்லாவற்றையும் அது முட்டித் தள்ளியிருக்கிறது. எந்த ரசிகரும் அந்தப் புல்வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார். அவ்வளவு சலிப்பான இடம். அம்மா அங்கே பாதிச் சீசனையே கழித்திருந்தாள்.

ஏன் மற்றவற்றை வளர்க்கவில்லை என்று கேட்டேன். “அதுகளப் பாத்தாலே பயமா இருக்கு. இது ஒண்ணுதான் வாயில்லாச் சீவன். நீ வேற கடைசில கொண்டு நிறுத்திட்ட” என்றாள்.

நான் அந்த ஆட்டை மறுபடியும் கடைசியில் வைத்து, அதைத் தொடாமலேயே முடிக்கப் பார்த்தேன். படித்த பிள்ளை, திட்டம் போட்டு ஆடினேன். எந்தப் பிராணி எதற்கு எதிராக நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிக் கடைசி வீரன் வரை போய்விட்டேன். அங்கே, ஆட்டின் முறை வருவதற்குள் கைவிட்டுத் தோற்றேன். மறுபடியும் தோற்றேன். ஒரு கட்டத்தில் வாத்தும் மற்றவையும் விழுந்து, வேறு வழியில்லாமல் ஆடு மட்டும் வெளியே வந்தது. முட்டியது. அந்த நாட்டிலேயே பெரிய பறவை நாகம் ஒரே முட்டில் சரிந்தது. வீரன் அடுத்ததை விட்டான். அதையும் முட்டியது. என்னுடைய திட்டம் அத்தனையும், மேலே முதலில் இருப்பதை அமுக்குவது என்பதில் வந்து நின்றது.

முடிந்தது. திரையில் வாணவேடிக்கை. பிராணிகள் வரிசையாக வந்து வணங்கின. அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, “இனிமேல் கருத்துச் சொல்லலாமா?” என்று கேட்டேன்.

அண்ணாச்சிக்குத் தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் நன்றாகத் தெரியும். படத்தில் வாத்தின் நிலையையும் ஆட்டின் நிலையையும் பார்த்துவிட்டு, இந்த ஆட்டை வளர்த்தது யார் என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. சொன்னேன். பிறகு தீர்ப்பு வந்தது: ஆட்டத்தை முடித்தது அம்மா. கருத்துச் சொல்லும் உரிமை அம்மாவுக்கு. மகள் வழக்கம்போலச் செய்தி போடலாம்.

அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கேட்டுவிட்டார்களே என்று என் போனை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள்.

“வணக்கம் பிள்ளைகளா. ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஊர்ல ஒருத்தனும் வேலைக்குப் போவுத மாதிரி தெரியல. ரோட்டுல சிவனேன்னு போறவள நிறுத்தி, வா சண்டைக்குன்னு கூப்புடுதான். அவன் வீட்டுல பெரியவங்க இல்லையா? இதைக் கொஞ்சம் மேல சொல்லுங்க. வச்சிருதேன்.”

நான் அதுவரை போட்ட எந்தச் செய்திக்கும் விழாத அளவுக்கு அதற்கு இதயங்கள் விழுந்தன. ராயகிரிக்காரர் இதுதான் தொடரின் அடிப்படைக் குறை என்று எழுதினார். அடுத்த நாள் முதல், புதிய ஆட்டத்தின் கதாநாயகன் தொப்பி எப்படி, வரைபடம் எப்படி என்று எல்லாவற்றுக்கும் அம்மாவின் கருத்தைக் கேட்டார்கள். கேள்வியை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதும் பதிலைப் பதிவு செய்து அனுப்புவதும் என் வேலை ஆயிற்று. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஏறுவது நல்ல மாற்றம் என்று எழுதியவள் நான்தானே. என் வீட்டிலேயே ஏறியது. என்னைத் தாண்டி ஏறியது.

அம்மா மேல் கோபமில்லை. அவள் குரலை நாலு பேர் கேட்பது எனக்கும் பெருமைதான். ஆனால் என் கருத்து என்னுடையது. அதை நான்தான் சொல்ல வேண்டும். முதலிலிருந்து நானே ஆடி முடிப்பேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். தாராளமாக ஆடு என்றார். அப்போதுதான் அந்தச் சிக்கல் தெரிந்தது. அந்த ஆட்டத்தில் ஆடியதைச் சேமித்து வைக்க ஒரே ஓர் இடம்தான். புதிதாகத் தொடங்கினால் பழையது அழிந்துவிடும். அதில் இருக்கும் ஆடும் போய்விடும்.

அம்மாவிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். “அப்பம் நீ ஆடவே வேண்டாம்” என்றாள். அவ்வளவுதான். கண்ணாடிக் கூட்டைப் பழக்கூடைக்கு அடியில் வைத்து, மேலே மங்குஸ்தானை அடுக்கிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியே குற்றாலத்துக்கு வந்தார். கையில் தன்னுடைய இன்னொரு கருவி. ஆட்டை அதற்கு மாற்றிவிட்டால் பத்திரமாக இருக்கும் என்றார். ஆனால் மாற்றும்போது பதிலுக்கு ஒரு பிராணியைக் கொடுத்தே ஆக வேண்டும். அதுதான் அந்த ஆட்டத்தின் விதி. அதற்கென்று வரும் வழியில் பஸ்ஸில் வைத்துப் பிடித்த ஒரு நத்தையைக் காட்டினார்.

“எய்யா, வளத்த ஆட்டைக் குடுத்துட்டு நத்தைய வாங்கச் சொல்லுதியா?”

“அக்கா, இது சும்மா கணக்குக்கு. தங்கச்சி புதுசாத் தொடங்குனா நத்தை எப்படியும் அழிஞ்சிரும்.”

“அப்பம் அந்த நத்தை என்ன பாவம் செஞ்சுது?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அருவிப் பக்கம் பார்த்தேன். சாரல் தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது. நத்தை எல்லாக் குட்டையிலும் கிடைக்கும், புது ஆட்டத்தில் முதல் குட்டையிலேயே அது திரும்பவும் பிறந்துவிடும் என்று அவர் நிதானமாக விளக்கினார். மறுபிறவி உண்டென்றால் சரி என்று அம்மா இறங்கி வந்தாள். அடுத்து நிபந்தனை போட்டாள். எங்கள் பக்கம் ஆட்டை இன்னொருவரிடம் வளர்க்கக் கொடுத்தால் வாரம் என்று பேசிக்கொள்வார்கள். குட்டி போட்டால் உடையவருக்குப் பாதி, வளர்த்தவருக்குப் பாதி. அந்தப்படி வாரத்துக்குத்தான் விடுவேன் என்றாள்.

அந்த நாட்டில் ஆடு குட்டி போடாது, முட்டைதான் போடும் என்று அண்ணாச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா அவரை நெடுநேரம் பார்த்தாள். “சரி, முட்டையில பாதி” என்றாள்.

இரண்டு கருவிகளையும் பழக்கூடை மேல் அருகருகே வைத்தார்கள். ஆடு இந்தத் திரையிலிருந்து மறைந்து அந்தத் திரையில் வந்து நின்றது. அம்மா குனிந்து பார்த்து, இலையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டாள். அண்ணாச்சிக்கு ஒரு கிலோ மங்குஸ்தானும் கொடுத்தாள். அது ஆட்டுக்கில்லை, அவருக்குத்தான் என்று அவர் போகும்போது இரண்டு முறை சொன்னாள்.

அன்றைக்கே, வீட்டுக்குத் திரும்பச் செங்கோட்டைப் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, புதிய ஆட்டம் என்பதை அமுக்கினேன். முன்பு சேமித்தது அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். இந்த முறை வாத்தை எடுக்கவில்லை. தண்ணீர்க் கீரியை எடுத்தேன். கருவி இப்போது முதலாளிக்குத் தெரியாமல் என் சாப்பாட்டுப் பையில் என்னோடு தென்காசிக்கு வருகிறது. இரண்டாவது ஊரில் அந்தக் கிழவர் செம்மறியை நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது ஊருக்கு நடந்துவிட்டேன்.