பிழைக்கிற குட்டி

காலையில் மகள் போனை நீட்டினாள். சிவப்பு சோபாவில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி, கழுத்தில் ரிப்பன். "அப்பா, நாம போகக்கூட வேணாம். வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துருவாங்களாம்." "அம்புட்டு நல்லவங்களா?" என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். என்ன செய்வது, நாய்க்குட்டியை யாராவது இப்படி ஆசையாகக் கொடுக்க வந்தால் எனக்குப் பினாயில் வாடை அடிக்கிறது.

அந்த வாடை ஒரு மாடி வீட்டில் என் மூக்கில் ஏறியது. அப்போது எனக்குக் கப்பலூரில் வேலை, செல்லூரில் வாடகை வீடு, கல்யாணமாகி ஒரு வருடம். சுற்றிலும் விசைத்தறி. பகலெல்லாம் அந்தச் சத்தத்தோடு தனியாக இருக்க முடியவில்லை, துணைக்கு ஒரு பொமரேனியன் குட்டி வேண்டும் என்றாள் என் மனைவி கலா. ஒரு மாடி வீட்டுக்காரர் குட்டி விற்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், போனோம். தரை பளபளவென்று இருந்தது. நானும் பெரிய விவரக்காரன் மாதிரி, "தாய் நாயக் காட்டுங்கண்ணே" என்றேன். சீவி சிங்காரித்த ஒரு நாயைக் கூட்டிவந்தார். அது குட்டியை மோந்துகூடப் பார்க்கவில்லை. அதன் வயிற்றில் பால் கொடுத்த அடையாளமே இல்லை. கண் பார்த்தது, புத்திக்கு எட்டவில்லை. "அறுவது நாள் ஆச்சு, ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றார். வாங்கி வந்துவிட்டோம்.

ஐந்தாம் நாள் ரத்தக் கழிச்சல். டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "முப்பது நாள்தான் இருக்கும். ஊசி போட்ட அட்டை எங்க?" அட்டைக்கு எங்கே போவேன்? மறுநாள் குட்டி செத்துப்போனது. கலா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இன்னொண்ணச் சாகக் குடுக்க என்னால முடியாதுங்க. கொண்டாந்தா பொழைக்கிற குட்டியாக் கொண்டாங்க" என்றாள்.

அதிலிருந்து நாய் வைத்திருக்கும் எல்லாருமே எனக்குத் திருடர்களாகத் தெரிந்தார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து நாயின் வயிற்றைப் பார்ப்பேன். குட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பரவையில் முத்துலட்சுமி என்ற அக்கா வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் குனிந்தேன். "என்னத்தத் தம்பி தேடுறீங்க?" என்றார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தாய் நாய். மூன்று குட்டிகள் அதன்மேல் ஏறிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. தாய்க்குப் போட்ட ஊசி அட்டையை நான் கேட்காமலே காட்டினார். கேட்காமல் ஏன் காட்டுகிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம். அட்டையில் இருந்த டாக்டருக்கு அவர் முன்னாலேயே போன் போட்டு விசாரித்தேன். அக்கா கோபப்படவில்லை. "விசாரிச்சாச்சுல்ல? இனி நான் விசாரிக்கணும். நாளைக்கு வீட்டுக்கு வாரேன்."

சொன்னபடி வந்தார். "இதுக்கு முந்தி நாய் வளத்துருக்கீங்களா?" "ஒண்ணு இருந்துச்சு, வெயில் தாங்காமப் போயிருச்சுக்கா" என்று புளுகினேன். கலாவுக்குப் பொய் ஆகாது. "ரத்தமாப் போயிச் செத்துச்சுக்கா. போன மாசந்தான்." அக்காவின் முகம் மாறிவிட்டது. மூலையில் அந்தக் குட்டி படுத்திருந்த சாக்கும் தட்டும் அப்படியே கிடந்தன. கலா எடுக்க விடவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு எழுந்தார். "இந்த வீட்டுக்குக் குட்டி தர மாட்டேன்."

வேறு யாரோ அதிக விலை தருகிறார்கள், அதற்குத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். வாசலில் நின்று சொன்னார்: "அந்த நோவு தரையிலயே மாசக்கணக்கா இருக்கும் தம்பி. குட்டி எங்கிட்டயே இருக்கட்டும், ஊசியெல்லாம் முடியட்டும். அதுவரைக்கும் தரைய பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்க." பிறகு செருப்பைக் கழற்றி எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டு, சுடுகிற ரோட்டில் வெறுங்காலோடு பஸ்ஸுக்குப் போனார். அவர் வீட்டில் மூன்று குட்டிகள் இருந்தன அல்லவா? அப்போதுதான் நம்பினேன்.

அன்று சாயங்காலமே கலா சாக்கை எரித்தாள். ஞாயிறுதோறும் பரவைக்குப் போய்க் குட்டியைப் பார்த்துவந்தோம். முழுதாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். குட்டியை மாற்றிவிடக் கூடாதென்று அதன் காதிலிருந்த பழுப்புத் திட்டை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அக்கா அதையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நான்காம் மாதம் குட்டி வீட்டுக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் இருந்து, போன வருடம் வயதாகித்தான் செத்தது. அக்கா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அந்த வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். உனக்குக் குட்டி கிடையாது என்று என் முகத்துக்கு நேரே சொல்ல இனிப் பரவையில் யாரும் இல்லை. அந்த மனுஷியைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.