எல்லாருக்கும் நூற்றிருபது

எங்கள் அலுவலகத்தில் ஒரு வெட்கங்கெட்ட வழக்கம் இருந்தது. தனியார் பயிற்சி நிலையங்களை ஆய்வு செய்யப் போவதற்குப் பத்து நாள் முன்பே தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவோம். அவர்களும் எங்கிருந்தாவது சாமான்களை இரவல் வாங்கி வந்து அடுக்கி வைப்பார்கள். நாங்கள் போய் எண்ணுவோம். கட்டில் நான்கு, இருக்கிறது. எலும்புக்கூடு ஒன்று, இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அந்தப் படிவத்தில் டிக் அடித்த மகானுபாவன் நான்தான். விஜயராணியைப் பற்றி எழுத எனக்கு அருகதை உண்டா என்று கேட்டால், கிடையாது. ஆனால் அருகதை உள்ளவன் எவனும் அன்றைக்கு அந்த அறையில் இல்லை.

விஜயராணி உறையூர்க்காரர். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு துணிக்கடையில் பன்னிரண்டு வருடம் கால் வீங்க நின்று சேலை எடுத்துப் போட்டவர். நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களிடம், முகத்துக்கு நேராகவே ஒரு வார்த்தை கேட்டுவிடுவாராம். முதலாளி திட்டுவார், இவர் வாங்கிக் கட்டிக்கொள்வார், அடுத்த நாளும் கேட்பார். கணவர் சின்னையா மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். ஒரே பெண், ஜோதி.

எட்டு வருடத்துக்கு முன் சின்னையாவுக்குத் தலைவலி வந்து, மில்லுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போயிருக்கிறார். டாக்டர் வருவதற்கு முன் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்து, நூற்றிருபதுக்கு எண்பது, நார்மல் என்று எழுதினாள். டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் மில் தராசுக்குப் பக்கத்தில் மனிதர் சாய்ந்தார். மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே விஜயராணி அந்த கிளினிக்குக்குப் போய் நின்றார். அடிக்கத்தான் போனேன் என்று பிற்பாடு விசாரணையில் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பெண் காலில் விழாத குறையாக அழுதிருக்கிறாள். தனக்கு அந்தக் குழாயில் சத்தம் எதுவும் கேட்டதே இல்லை, யாரும் கேட்கக் கற்றுக்கொடுக்கவும் இல்லை, அதனால் எல்லாருக்கும் அதே நம்பரைத்தான் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். விஜயராணி கையை ஓங்கவில்லை. அவள் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்துப் பார்த்தார். அதில் இருந்த முத்திரை எங்கள் அலுவலகத்துடையது.

வேறொரு பெண்ணாக இருந்தால் அந்தத் தொழிலையே வெறுத்திருப்பாள். இவருக்கு வீம்பு. என் பெண் இதைப் படிப்பாள், ஒழுங்காகப் படிப்பாள், கேட்டதை மட்டும் எழுதுவாள் என்று முடிவு செய்துகொண்டார். உறையூரிலேயே நர்ஸ் உதவியாளர் பயிற்சி நிலையம் ஒன்றை ஜெயக்குமார் என்பவர் நடத்திவந்தார். அங்கே கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். ஜோதி பிளஸ் டூ முடித்ததும் இலவசமாக ஒரு சீட்டு என்பது பேச்சு. முதல் இரண்டு வருடம் அங்கே நல்ல டியூட்டர் ஒருவர் இருந்திருக்கிறார். பாடம் முடிந்து எல்லாரும் போனபின் அவரிடம் கேட்டுக் கேட்டு பி.பி. பார்க்க விஜயராணி கற்றுக்கொண்டார். சின்னையாவின் கையில் கேட்டிருக்க வேண்டிய சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கற்றாராம்.

பிறகு டியூட்டர் போய்விட்டார். ஜெயக்குமார் வேறு ஆள் போடவில்லை. கருவிகளும் ஒவ்வொன்றாக லோடு ஆட்டோவில் ஏறின. மண்ணச்சநல்லூரில் அவருடைய கூட்டாளிக்கு ஒரு நிலையம், லால்குடியில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரு பி.பி. மெஷின், ஊசி போட்டுப் பழக ஒரே ஒரு ரப்பர் பொம்மை. ஆய்வு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரில் அந்தப் பொம்மை படுத்திருக்கும். அலைந்து அலைந்து அதன் இடது கை கிழிந்தபோது, விஜயராணிதான் சைக்கிள் கடைக்குத் தூக்கிப்போய் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தார்.

ஜோதி படிக்கச் சேர்ந்தது இந்த லட்சணத்தில்தான். அம்மா வாயால் சொல்லிக்கொடுக்கப் பார்த்தால், கூட்டுகிறவளுக்கு என்ன தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இருந்தும் விஜயராணி வாயை மூடிக்கொண்டிருந்தார். துணிக்கடையில் யாருக்கும் அடங்காத அந்த வாய் அடங்கியது ஜோதியின் சான்றிதழுக்காக. நிலையத்தை மூடினால் பெண்ணின் இரண்டு வருடம் தண்ணீரில் போகும்.

போன வருடத்துக்கு முந்தைய வருட ஆய்வில் நான் அந்த ஒட்டைப் பார்த்தேன். காலையில் உறையூரில் பார்த்தேன். சாயங்காலம் மண்ணச்சநல்லூரில் அதே பொம்மை, அதே இடது கை, அதே கறுப்பு ஒட்டு. விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். பிறகு இரண்டு படிவத்திலும் 'இருக்கிறது' என்று டிக் அடித்துவிட்டு டீ குடித்தேன். நமக்கேன் வம்பு என்று நினைத்தேன். வேறு சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

போன வருடம் புதிதாக மஹ்ஜபீன் மேடம் ஆய்வு அதிகாரியாக வந்தார். வழக்கம்போலத் தேதி சொல்லி அனுப்பியிருந்தோம். உறையூரில் ஜெயக்குமார் வாசலிலேயே ரோஜாப்பூவோடு நின்றார். டியூட்டர் இல்லாத குறைக்கு விஜயராணிக்கே வெள்ளைக் கோட்டு மாட்டி நிறுத்தியிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பெண்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். ஜோதி மட்டும் தரையைப் பார்த்தாள்.

நான் எண்ணி முடித்தேன். மேடம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், என்ன தோன்றியதோ, மூடிவிட்டார். யாராவது பி.பி. பார்த்துக் காட்டுங்கள், இவருக்குப் பாருங்கள் என்று என்னைக் காட்டினார். எனக்கு எப்போதும் நார்மல்தான் மேடம், போன மாதம்கூடப் பார்த்தேன் என்று நான் நழுவினேன். அவர் தன் கையையே நீட்டினார்.

ஜெயக்குமார் விஜயராணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். விஜயராணி பட்டையைச் சுற்றி, காதில் மாட்டி, காற்றை மெதுவாக இறக்கினார். நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு என்றார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். சாப்பிடுவதாகவும், அன்று காலையில் மறந்துவிட்டதாகவும் சொன்ன மேடத்துக்கு முகமெல்லாம் திருப்தி. அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம்.

விடவில்லை. அடுத்து ஒரு மாணவி பார்க்கட்டும் என்றார். யாரும் அசையவில்லை. ஜெயக்குமார் அவசரத்தில், டியூட்டர் பெண்ணாயிற்றே, சமாளித்துவிடுவாள் என்று ஜோதியைத் தள்ளிவிட்டார். பட்டையைத் தலைகீழாகச் சுற்றினாள். ஸ்டெதஸ்கோப்பை மேடத்தின் சட்டைக் கைத்துணியின் மேலேயே வைத்தாள். காற்றைப் புஸ்ஸென்று ஒரே மூச்சில் விட்டாள்.

"நூத்தி இருபது, எண்பது," என்றாள்.

நான் டிக் அடிக்கக் குனிந்தேன். பழக்க தோஷம்.

"மேடம், அவ பொய் சொல்றா."

விஜயராணி கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அவளுக்கு ஒண்ணும் கேக்கல. என் பொண்ணுதான், பெத்தவ நானே சொல்றேன். நான் இங்க டியூட்டர் இல்ல, கூட்டுறவ. டியூட்டர் போயி நாலு வருசம் ஆச்சு. இந்த மெஷின் முந்தாநாள்தான் வண்டியில வந்துச்சு, நாளைக்குப் போயிடும்."

ஜெயக்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜோதி அழுதுகொண்டே, "ஏம்மா இப்படிப் பண்ற, அடுத்த மாசம் பரீட்சைம்மா," என்றாள். விஜயராணி அவள் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் பேசியிருக்க மாட்டேன் என்று பிற்பாடு சொன்னார்.

மேடம் கோபத்தில் சிவந்துபோய், நிலையத்தை உடனே மூட எழுதுங்கள் என்று என்னிடம் சொன்னார். அப்போதுதான் விஜயராணிக்கு நிஜமாகவே வெறி வந்தது.

"மூடிட்டு நீங்க ஜீப்புல போயிடுவீங்க. இந்த முப்பத்தெட்டு புள்ளைங்களும் எங்க போவும்? ஏமாந்ததும் இதுங்க, தண்டனையும் இதுங்களுக்கா? வருசா வருசம் கட்டில எண்ணுனீங்களே, ஒரு புள்ளையக் கூப்பிட்டு உனக்கு என்ன தெரியும்னு கேட்டீங்களா? இந்த சாருக்கு எல்லாம் தெரியும். பொம்மை கையில நான் போட்ட ஒட்டைத் தடவிப் பாத்துட்டுத்தான் போனாரு. நான் அங்கதான் தொடச்சிட்டிருந்தேன்."

மேடம் என்னைப் பார்த்தார். பார்த்தது உண்மைதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பத்தொன்பது வருடத்தில் நான் சரியாகக் கொடுத்த பதில் அது ஒன்றுதான்.

மேடம் நல்ல மனுஷி. வெறுமனே மூடிவிட்டுப் போகவில்லை. மூன்று நிலையங்களின் அனுமதியும் போனது. ஆனால் அதற்கு முன் பெண்களை எல்லாம் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு பயிற்சி நிலையத்துக்கு மாற்றினார். முதல் வருடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்றுதான் உத்தரவு. இப்போது நாங்கள் தேதி சொல்லிவிட்டுப் போவதில்லை. படிவத்தில் ஒரு பக்கம் கூடியிருக்கிறது. மூன்று மாணவிகள் எங்கள் கண்ணெதிரே என்ன செய்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். கூடுதல் வேலை என்று அலுவலகத்தில் முணுமுணுக்காத ஆள் கிடையாது. எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

விஜயராணிக்கு வேலை போயிற்று. பழைய துணிக்கடைக்கே திரும்பினார். ஜோதி ஆறு மாதம் அம்மாவோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். மனசு கேட்காமல் ஒரு நாள் சேலை வாங்குகிற சாக்கில் அந்தக் கடைக்குப் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேலை வேணுமா, மன்னிப்பு வேணுமா? இங்க சேலைதான் இருக்கு," என்றார். ஒரு சுங்குடியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

இந்த ஆடியில் எனக்கு நாலு நாளாகப் பிடரி வலி. ஸ்ரீரங்கத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போன இடத்தில் தாங்க முடியாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பி.பி. பார்க்க வந்த பெண் ஜோதி. பயிற்சிக்காக அங்கே அனுப்பியிருக்கிறார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள், சிரிக்கவில்லை. பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். மற்றக் கையிலும் பார்த்தாள்.

"நூத்தி எண்பத்தி நாலு, நூத்தி பத்து," என்று எழுதினாள். "இதுக்கு முன்னாடி எங்க சார் பாத்தீங்க?"

எங்கள் தெரு கிளினிக்கில் என்றேன். மூன்று வருடமாக மாதம் தவறாமல் அங்கேதான். அங்கே பார்க்கிற பெண்ணின் சான்றிதழும் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. மண்ணச்சநல்லூர் நிலையம். நான் டிக் அடித்த நிலையம்.

"எவ்வளவு சொன்னாங்க?"

நூற்றிருபதுக்கு எண்பது என்று சொன்னேன்.

ஜோதி என் கையிலிருந்து பட்டையைக் கழற்றினாள்.

"எங்கப்பாவுக்கும் அதையேதான் சொன்னாங்க," என்றாள். "எந்திரிக்காதீங்க சார். டாக்டரக் கூட்டிட்டு வரேன்."