கவளை முள்ளின் மேல் போட்ட பழி

அஞ்சம்மாளின் குரலைச் சொல்லாமல் அஞ்சம்மாளைச் சொல்ல முடியாது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு குரல். கடலூர் புதுப்பாளையத்துத் தெருமுனையில் மீன்கூடையோடு நின்று "சங்கராவேய்" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால், மூன்றாவது தெருவில் மாடியில் துணி காயப்போடுகிறவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள். மைக் செட் கட்டிய வண்டியில் மீன் விற்க வந்த ஆட்கள் நாலு நாள் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் சடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவன் விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போக, இவள் அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக நடந்து, ஒரே மகள் சரண்யாவைப் படிக்கவைத்துச் சிதம்பரத்தில் கட்டியும் கொடுத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் முதல் போட்டது அந்த நாக்குதான். அந்த நாக்கில்தான் புண் வந்தது.

கார்த்திகை மாதத்து அடைமழையில் ஒருநாள் கவளை மீன் குழம்பு சாப்பிடும்போது நாக்கின் இடது ஓரத்தில் முள் குத்தியது. விரலை விட்டு எடுத்துப் போட்டுவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். முள் குத்தியது நிஜம், அதில் பொய் இல்லை. ஆனால் குத்துவதற்கு முன்பே அந்த இடம் சொரசொரவென்று தடித்துத்தான் கிடந்தது. வெற்றிலையோடு புகையிலையை அவள் அடக்கிக்கொள்வதும் அந்தப் பக்கம்தான். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் சரி. கடற்கரை ஜனத்துக்கு உடம்பில் எங்கே என்ன வந்தாலும் ஒன்று முள், இல்லாவிட்டால் செதில், அதுவும் இல்லாவிட்டால் உப்புத்தண்ணி. வியாதி என்று ஒன்று தனியாகக் கிளம்பி வரும் என்று யாரும் நினைப்பதில்லை.

பத்துப் பதினைந்து நாளாகியும் புண் ஆறாததால், கூடை காலியானதும் அப்படியே டாக்டர் பொன்னுரங்கத்தின் கிளினிக்குக்குப் போனாள். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளினிக், மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர நேரம் கிடையாது. சாயங்காலம் வரலாம் என்றால், விடிவதற்கு முன் மீன் ஏலத்துக்குப் போகிறவளுக்கு அப்போது தூக்கத்தில் கண் நிற்காது. ஈரச் சேலையோடு உள்ளே நுழைந்தவளைப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். சீட்டு கொடுக்கும் பெண், "நீங்க அப்பிடி ஓரமா நில்லுங்கம்மா" என்றாள். அதட்டலாக ஒன்றும் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னாள். ஆனாலும் அஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவள் முறை வந்தபோது டாக்டர் அறைக்குள்ளும் போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமே நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "கவளை முள்ளு குத்திடுச்சு சார், நாக்குல புண்ணு" என்றாள்.

பொன்னுரங்கம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நாமும் போய்விடலாம். கைராசிக்காரர் என்று ஊரில் பேர், அதனால் வாசல் வரைக்கும் கூட்டம். மீன்காரி வந்து முள் குத்தியது என்கிறாள், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வைட்டமின் மாத்திரையும் தடவிக்கொள்ள ஜெல்லும் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எழுந்து வந்து எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கும்படி அவளும் நிற்கவில்லை.

மறுபடி தை மாதம் போனாள், மாசியில் போனாள், பங்குனியிலும் போனாள். இப்போது யாரும் சொல்லாமலே கதவோரம் அவளுடைய இடமாகிவிட்டது. மாத்திரையின் நிறம் மாறியது, ஜெல் மாறியது, வாய் கொப்பளிக்க ஒரு மருந்து சேர்ந்துகொண்டது. புண் மட்டும் மாறவில்லை.

இதற்கு நடுவில் நடந்ததைக் கேளுங்கள். மஞ்சக்குப்பத்தில் அவளிடம் வாடிக்கையாக வஞ்சிரம் வாங்கும் பேங்க் ஆபீசர் வீட்டம்மாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக என்னமோ படர்ந்திருக்கிறது. இதே பொன்னுரங்கம் டார்ச் அடித்துப் பார்த்து, அந்த வாரமே பாண்டிச்சேரிக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா இதைச் சொல்ல, அஞ்சம்மாள் மனசார சந்தோஷப்பட்டாள். நமக்கும் அப்படி ஒருவர் பார்க்க வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது வியாதி, தனக்கு வந்திருப்பது முள்! பாவி மனுஷி, அந்தக் கவளையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

நிம்மதியும் ரொம்ப நாள் இல்லை. பங்குனி முடிவதற்குள் இடது காதில் குத்தல் ஆரம்பித்தது. குழம்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது, மோர்ச்சோறும் கஞ்சியுமாகச் சாப்பாடு குறைந்தது. கூவும்போது நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. கூடவே ஆட்டோவில் வந்து பக்கத்துத் தெருக்களில் விற்கும் பவானி, "என்னாக்கா, வாயில கொழுக்கட்டய வெச்சிக்கினு கூவுற?" என்று கேலி செய்தாள். அஞ்சம்மாளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். பயம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணாடிப் பக்கமே போகவில்லை.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. பெரிய போட்டெல்லாம் கரைக்கு வந்துவிட்டன, ஏலமும் இல்லை, கூடையும் இல்லை. அம்மாவைப் பார்க்க வந்த சரண்யா, அவள் கஞ்சியை விழுங்கப் படும் பாட்டைப் பார்த்து அதிர்ந்துபோனாள். அன்றைக்கே தலைக்குக் குளிக்கவைத்து, பெட்டியிலிருந்த மாம்பழக் கலர் சேலையை உடுத்தவைத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். சீட்டு கொடுக்கும் பெண் பெஞ்சைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றாள். இத்தனை மாதத்தில் அஞ்சம்மாள் அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்தது அன்றுதான். உள்ளே போனதும் டாக்டரும் எதிர் நாற்காலியைக் காட்டினார். "வாயத் தொறங்க" என்றார்.

திறந்தாள். டார்ச்சை அடித்தவர் எழுந்து கையுறை போட்டுக்கொண்டார். பஞ்சுத் துணியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்து, ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். கழுத்தில் தாடைக்குக் கீழே தடவிய விரல் ஒரே இடத்தில் நின்றது.

"எத்தினி மாசமா இருக்கு இது?"

"கார்த்திகைலேர்ந்து சார்."

"ஆறு மாசமா? இத வெச்சிக்கிட்டு ஏம்மா இத்தினி நாளா டாக்டர்கிட்ட வரல?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

அஞ்சம்மாள் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். "வந்தேன் சார். உங்ககிட்டதான் வந்தேன். அந்தக் கதவுகிட்ட நின்னேன்."

அவர் கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "கவளை முள்ளு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இந்தச் சேலையில், குளித்த உடம்போடு, அவளை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கவில்லை.

"ஒரு தடவகூடவா நான் வாயத் தொறக்கச் சொல்லல?"

"இல்ல சார். நாறுமேன்னு நானும் கிட்ட வரல."

அவர் கையுறையைக் கழற்றினார். அங்கேயே சிதம்பரத்துக்குப் போன் போட்டு, தெரிந்த சர்ஜனிடம், நாளைக்கே பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். ஆட்டோ வரைக்கும் கூடவே வந்தார். அஞ்சம்மாளுக்கு அதைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று உறைத்தது.

சிதம்பரத்தில் சரண்யாவின் புருஷன் சிவசங்கர் அண்ணாமலை நகர் லாட்ஜ்களுக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரியை விட்டுவிட்டு மாமியாரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டினான். நாக்கில் ஒரு துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை எல்லோரும் சரண்யா வீட்டிலேயே தங்கினார்கள். சடையப்பன் மட்டும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

புற்றுநோய்தான். சர்ஜன் சத்யப்பிரியா சின்ன வயது, ஆனால் எதையும் மூடிமறைக்காமல் பேசுகிறவள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை யாராயிருந்தாலும் திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்றாள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஓரத்தில் கொஞ்சம் நறுக்கியதோடு போயிருக்கும், பேச்சு தப்பியிருக்கும். இப்போது கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. பாதி நாக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைச் சதையை வைத்து ஒட்ட வேண்டும், கழுத்தைத் திறந்து நெறிகளையும் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அஞ்சம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கூவ முடியுமா?"

"பழகப் பழகப் பேசலாம்மா. கூவ முடியாது."

அஞ்சம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள். சரண்யா மாடி மாடியாகத் தேடிக்கொண்டிருக்க, அவள் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தேடிப்பிடித்த சடையப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்டக்டர் வந்து கேட்டபோது இருவரும் டிக்கெட் எடுக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் அழுதாள். நாக்கு இல்லாமல் நான் யாரு, மூலையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கவா இத்தனை நாள் வெயிலில் நடந்தேன், அந்தக் கதவைத் தாண்டி நாலு எட்டு உள்ளே போயிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சடையப்பன் அதிகம் பேசுகிறவன் இல்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பும்போதுதான் வாயைத் திறந்தான்.

"கூவாட்டிப் போவுது அஞ்சா. என்னத் திட்டறதுக்காச்சும் இருந்துட்டுப் போ."

இருவரும் இறங்கிவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனவர்கள் பொழுது சாயும்வரை வெளியே வரவில்லை. சரண்யா சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். முடித்துவிட்டு வந்த சத்யப்பிரியா, எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டது, நெறி ஒன்றில்தான் பரவியிருக்கும்போலத் தெரிகிறது, பிழைத்துக்கொள்வார்கள் என்றாள். பிழைத்தாள். கரண்ட் வைத்ததில் கழுத்துத் தோல் கறுத்து, வாய் வறண்டு, ருசி செத்து, உடம்பு பாதியாகி, அப்படியும் பிழைத்தாள்.

அடுத்த தை மாதம் மறுபடி ஏலத்துக்குப் போய்விட்டாள். சரண்யா சிதம்பரத்திலிருந்து போனிலேயே சண்டை போட்டுப் பார்த்தாள், எடுபடவில்லை. ஒட்டவைத்த நாக்கில் பேச்சு கனமாக, எச்சிலோடு வரும். மெதுவாகச் சொன்னால் புரியும். சத்தம் மட்டும் எழும்பாது. அதனால் பவானியும் அவளும் ஒன்றாகவே தெரு சுற்றினார்கள். இரண்டு கூடைக்கும் சேர்த்துப் பவானிதான் கூவினாள். இவள் பின்னால் நடந்தாள். தன் தெருவில் இன்னொருத்தி குரல் கேட்பது அஞ்சம்மாளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மாசியில் ஒருநாள், வியாபாரம் இன்னும் ஆரம்பிக்காத நேரம். கூடை நிறைய நெத்திலியும் சங்கராவும் இருந்தது. தலைக்கூடையை இறக்கிய பவானி முகத்தைச் சுளித்து மார்பில் கையை வைத்துக்கொண்டாள். என்ன என்று அஞ்சம்மாள் தலையசைத்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. கூடைய எறக்கசொல்ல விளிம்பு இடிச்சிடுச்சிபோல. உள்ள கட்டியா கெடக்குது. தீவாளிலேர்ந்து இருக்குது, வலிகூட ஜாஸ்தி இல்ல. மெடிக்கல்ல கேட்டு மாத்திர வாங்கிப் போட்டுக்கினுதான் இருக்கேன்."

அஞ்சம்மாள் தன் கூடையையும் இறக்கித் தரையில் வைத்தாள். பவானியின் கையைப் பிடித்தாள். எங்கே இழுக்கிறாள் என்று பவானிக்கு உடனே புரிந்துவிட்டது. வித்து முடிச்சிட்டு, வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு, நாளைக்கிக் காலையில போலாம்க்கா, இந்தக் கோலத்தோட எப்படி டாக்டர்கிட்ட என்று கையை உருவப் பார்த்தாள்.

அஞ்சம்மாள் விடவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"குளிக்க வாணாம். இப்பியே."

"மீனு கெட்டுப்பூடும்க்கா."

"கெடட்டும்டி. நீ நட."