ஒத்த ஆளுக்கு ஒரு ரூம்பு

"அங்கிட்டு ஒத்த ஆளுக்கு ரூம்பு குடுக்குறாய்ங்களா?"

அன்று காலைதான் ஊட்டியிலிருந்து திரும்பியிருந்த ஒருவர் என் கடையில் ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். பூங்கா எப்படி, கூட்டம் எப்படி, மலை ரயில் ஓடுகிறதா என்றெல்லாம் பெருமாள்சாமி கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டார்.

"நாங்க குடும்பத்தோட போனோமுங்க. அதெல்லாம் விசாரிக்கலீங்களே" என்றார் வந்தவர்.

பெருமாள்சாமி முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அந்த மனிதர் ஊட்டிக்கே போகவில்லை.

திருப்பூர் நல்லூரில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், ரூம் புக்கிங் என்று பலகை தொங்கும் கடை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே போட்டிருக்கும் பெஞ்சில் பெருமாள்சாமி வந்து உட்காருவார். வயது ஐம்பத்தாறு. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுவதும் நீராவி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து, வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் ஏணிப்படி மாதிரி ஏறிப்போயிருக்கும். ஏப்ரல் பிறந்தால் அந்த அயர்ன் பகுதியில் மின்விசிறி ஊதுவதும் ஆவிதான்.

ஆகவே குளிர் என்றால் அவருக்கு ஒரு பைத்தியம். டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேலே ஆடை படியும்வரை காத்திருந்து குடிப்பார். என் கடைக்குப் பக்கத்தில் ஏ.டி.எம். ஒன்று இருக்கிறது. கார்டு கொண்டுவராமலே உள்ளே போய் ஏ.சி.க்குக் கீழே முதுகைக் காட்டியபடி நிற்பார். கண்ணாடிக்கு வெளியே ஆள் வந்து நின்றால்தான் வெளியேறுவார். செய்தித்தாளில் வரும் வெப்பநிலைப் பட்டியலில் மலை ஊர்களை மட்டும் நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைத்திருப்பார். குன்னூர் இருபத்திரண்டு. ஏற்காடு இருபத்தாறு. "ஏற்காடு கெட்டுப்போச்சு தம்பி" என்பார், கெட்டுப்போன பையனைப் பற்றிச் சொல்வதுபோல.

சொந்த ஊர் பெரியகுளம். கொடைக்கானல் மலையைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவர், ஏறியதில்லை. திருப்பூருக்கு வந்தபோது எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்தார்கள். கல்யாணம் ஆன பிறகும் அறை ஒன்றுதான், ஆட்கள்தான் மாறினார்கள். இப்போது இரண்டு அறை உள்ள வீட்டில் மனைவி ஒச்சம்மாள், மூத்த மகன் முனீஸ், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், இளைய மகன், அவர் என்று ஏழு பேர்.

"முப்பத்தோரு வருசம் தம்பி. ஒரு கதவச் சாத்திட்டு நான் மட்டும் படுத்தேன்னு ஒரு நாள் கெடையாது. ஒரு ரூம்பு. நல்ல குளிரு. ரெண்டு போர்வையப் போத்திக்கிட்டு ஒரு பகல் பூரா படுத்திருக்கணும். எந்திரிங்கன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. அம்புட்டுத்தான்."

அவர் கேட்பது இவ்வளவுதான். இதை ஒருமுறை செய்து பார்த்தார். அதுதான் வினையாகிவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன் மே மாதத்தில், பாய்லர் வேலைக்காக அவர் கம்பெனியில் நான்கு நாள் விடுமுறை விட்டார்கள். வீட்டில் போய், "நான் மட்டும் கொடைக்கானல் போயிட்டு வாரேன்" என்றார். ஒச்சம்மாள் சிரித்தாராம். மறுநாள் காலை இவர் ஒரு கைப்பையோடு பழநி பேருந்தில் ஏறியது கிண்டல் இல்லை என்று ஒச்சம்மாளுக்குத் தெரியவே மத்தியானம் ஆகிவிட்டது.

முதல் விடுதியில் இடமில்லை என்றார்கள். இரண்டாவதில் குடும்பத்துக்கு மட்டும். மூன்றாவதில் இருந்த இளைஞன் மட்டும் உண்மையைச் சொன்னான்: "சிங்கிளா வர்றவங்களுக்குக் கொடுக்கறதில்ல சார். போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் வந்தார். அப்புறம் ஒரு வாரம் நாங்க ஸ்டேஷனுக்கு அலைஞ்சோம்." என்ன ஆயிற்று என்று பெருமாள்சாமி கேட்டிருக்கிறார். அவன் இவர் முகத்தையே பார்த்தானாம்.

நான்காவது விடுதியில் அறை கிடைத்தது. ஆதாரை வாங்கிக்கொண்டு, சும்மா ஒரு வழக்கம் என்று சொல்லி வீட்டுப் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார்கள். பெருமாள்சாமி மாடியேறிக் கதவைச் சாத்தினார். போனை அணைத்தார். இரண்டு போர்வைகளையும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

"சார், தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்தில் சுடுதண்ணீர் வேண்டுமா என்று ஒரு தட்டல். அப்புறம் டீ. அப்புறம் மானேஜரே வந்து, "தாழ்ப்பாள் போடாம சும்மா சாத்தி வைங்க சார், இது கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்றார். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. கீழே இறங்கிய அந்த மானேஜர் ஒச்சம்மாளுக்குப் போன் போட்டார். "உங்க வீட்டுக்காரர் தனியா வந்திருக்கார்மா. முகம் ஒரு மாதிரி இருக்கு. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

ஒச்சம்மாள் உடனே கணவருக்குக் கூப்பிட்டிருக்கிறார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்து முறை கூப்பிட்டும் அதே பதில்தான்.

மறுநாள் விடிந்ததும் விடுதி வாசலில் ஒரு வாடகை வேன் வந்து நின்றது. மனைவி, மகன்கள், மருமகள், தூக்கம் கலையாத பிள்ளைகள் எல்லோரும் இறங்கினார்கள். அறைக் கதவைத் திறந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒனக்கு என்னய்யா கொற வச்சேன்? சொல்லு, என்ன கொற வச்சேன்?" என்று ஒச்சம்மாள் கதறினார். மற்ற அறைக்காரர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். முனீஸ் மானேஜரின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னான்.

வேனுக்குக் கொடுத்த பணம் வீணாகக் கூடாது என்று எல்லோருமாக ஊர் சுற்றிப் பார்த்தார்கள். ஏரியில் படகு விட்டார்கள். பெருமாள்சாமி ஒரு தோளில் பேத்தியும் மறு தோளில் சாப்பாட்டுப் பையுமாக நடந்தார். அன்று எடுத்த படத்தை, "கடவுள் எங்கள் அப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்" என்று எழுதி முனீஸ் ஸ்டேட்டஸில் போட்டான். அவர்கள் திரும்பி வருவதற்குள் நல்லூருக்கே தெரிந்துவிட்டது.

"சாகப் போகலய்யா, தூங்கப் போனேன்" என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் மிகவும் பரிவாகத் தலையாட்டினார்கள். கம்பெனியில் மூன்றாவது மாடியிலிருந்து அவரைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே பாய்லர் பக்கம். வெக்கை இன்னும் அதிகம். "டென்ஷன் ஆகாம வேலை பாருங்கண்ணா" என்று சூப்பர்வைசர் அடிக்கடி வந்து தோளைத் தட்டிவிட்டுப் போகிறாராம். ஏன் மாற்றினார்கள் என்று இவர் சண்டைக்குப் போனார். அந்தக் கோபத்தையும் வியாதியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஒச்சம்மாள் செய்த முதல் காரியம், குளியலறையின் தாழ்ப்பாளைக் கழற்றியது.

"இருந்தது அது ஒண்ணுதான் தம்பி" என்றார் பெருமாள்சாமி என்னிடம். இப்போது கதவை உள்ளேயிருந்து காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு குளிக்கிறார். ஐந்து நிமிடம் தாண்டினால் வெளியே யாராவது இருமுகிறார்கள்.

ஒருமுறை, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம், சிரித்தபடி சொன்னார்: "ஒரு உண்மையச் சொல்லட்டா? செத்துப் போயிரலாம்னு எனக்கு ஒரு நெனப்பு வரத்தான் செஞ்சுச்சு. எப்பத் தெரியுமா? அந்த வேன் வந்து நின்னப்ப." வேடிக்கைக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. நானும் மற்றவர்களைப் போலவே அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அதைக் கவனித்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு ஞாயிறு வரவில்லை.

போன வருடம் எங்கும் போகவில்லை. இந்த வருடம் பிப்ரவரியிலேயே தேட ஆரம்பித்துவிட்டார். எந்த ஊர் அழகு என்பது அவர் கேள்வியே இல்லை. எந்த ஊரில் ஒரு மனிதன் தனியாக இருந்தால் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான் தேடல். அவருக்காக நான் மூணாறு, குன்னூர், ஏற்காடு என்று பல இடங்களுக்குப் போன் போட்டேன்.

"எத்தனை பேர் சார்?"

"ஒருத்தருங்க."

"என்ன விஷயமா வர்றாரு?"

"சும்மாதானுங்க."

"சும்மா வர்றவங்களுக்குக் குடுக்கறதில்லீங்க."

வேலையாக வருகிறார் என்று சொல்லலாமா என்று நான் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார். "என் காசுல போய்த் தூங்குறதுக்கு நான் ஏன் தம்பி பொய் சொல்லணும்?"

ஏப்ரல் கடைசியில் ஒரு வழி பிறந்தது. கோத்தகிரிக்கு வெளியே, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தன் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டேன். பெயர் பிரிசில்லா. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். ஒருவர்தான் வருகிறார், சும்மா தூங்குவதற்குத்தான் வருகிறார் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"அதனால என்ன? வரச் சொல்லுங்க. நானும் ஒருத்தியாத்தான் இருக்கேன்" என்றது அந்தக் குரல். "காலைல நான் யாரையும் எழுப்ப மாட்டேன். பசிச்சா அவரே வரணும்."

பெருமாள்சாமி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். போனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். புக்கிங் செய்பவர்களிடம் நான் ஒரு சீட்டு கொடுத்து எழுதி வாங்குவது வழக்கம். அதை வாங்கி மேஜையில் வைத்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினார். பெயர். ஊர். தேதி, மே பத்து, பதினொன்று. எத்தனை பேர் என்ற இடத்தில் 1 என்று அழுத்தமாக எழுதினார்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. ஒச்சம்மாள். வீட்டுக்கு எடுத்துவந்து பிசிறு வெட்டிய துணி மூட்டையைக் கம்பெனியில் போட்டுவிட்டுத் திரும்பும் வழி அது. சேலையெல்லாம் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மேஜையில் இருந்த சீட்டைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும்.

"எந்த ஊருக்குத் தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"கோத்தகிரிங்க அக்கா. ரெண்டே நாளுதானுங்க. நல்ல இடமுங்க, நானே பேசீட்டனுங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "போகட்டும்" என்றார். "இந்தத் தடவ நான் குறுக்க விழல. பிள்ளைகளையும் தடுக்க விடல. போயி நல்லாத் தூங்கட்டும். ஒரே ஒரு காயிதம் மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"என்ன காயிதம்?" என்றார் பெருமாள்சாமி.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கு என் பொண்டாட்டியோ பிள்ளைகளோ காரணமில்லன்னு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பிரிண்டரில் இருந்து ஒச்சம்மாளே ஒரு வெள்ளைத் தாளை உருவி, கணவருக்கு முன்னால் வைத்தார். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. ரேஷன் கடையில் பேசுவதுபோலத்தான் பேசினார்.

"டூர் போறதுக்கு இப்பிடி ஒரு காயிதமா ஒச்சு?"

"நீங்க தூங்கத்தான் போனீக. நான் நம்புறேன். ஊரு நம்பலயே. அந்த மனுசன என்னடி பண்ணுன, அவரு மலையேறிச் சாகப் போற அளவுக்குன்னு என்னையத்தான கேட்டாக. கூட வேல பாக்குறவளுக, சொந்தக்காரவுக, மருமக ஊட்டு ஆளுக. ரெண்டு வருசமா ஒரு விசேசத்துக்கு நான் போகல. ஒங்களுக்கு அது தெரியுமா?"

பெருமாள்சாமிக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. எனக்கும் தெரியாது. இத்தனை நாள் பெஞ்சில் நாங்கள் பேசிய பேச்சில் ஒச்சம்மாள் தாழ்ப்பாளைக் கழற்றியவராக மட்டும்தான் வந்திருக்கிறார்.

"திரும்பி வந்ததும் நானே கிழிச்சுப் போட்டுர்றேன்" என்றார் ஒச்சம்மாள். "வெள்ளத்தாள்ல என்ன இருக்கு? நாலு வரி."

பெருமாள்சாமி பேனாவைத் தாளின்மேல் கொண்டுபோனார். மேலே இடதுபக்கம் ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. வெளியே நின்ற பேருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. ஒச்சம்மாள் சேலையில் இருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெருமாள்சாமி அந்தத் தாளை என் பக்கமாகத் தள்ளிவிட்டார். புக்கிங் சீட்டைத் தன்னருகே இழுத்து, எத்தனை பேர் என்ற இடத்தில் இருந்த 1-இன் தலையில் இடப்புறமாக ஒரு சிறிய கோடு இழுத்து, அதை 7 ஆக்கினார்.