உகாயின் ஸ்பிரிங்

ஒசாகாவுக்குக் கிழக்கே, வீட்டுக்கு வீடு லேத் ஓடும் தெருவில், உகாய் தன் ஆயுளில் உருப்படியாகச் செய்தது ஒரே ஒரு வால்வுதான். கேஸ் குழாய் கழன்றால் வாயு குபீரென்று பாயும். அந்த வேகமே உள்ளிருக்கும் சின்ன உருளையை, ஸ்பிரிங்கை மீறித் தள்ளி, வழியை அடைத்துவிடும். ஸ்பிரிங் தொய்வாக இருந்தால் இரண்டு அடுப்பைச் சேர்த்துப் பற்றவைத்ததுமே அடைத்துக்கொண்டு மானத்தை வாங்கும். விறைப்பாக இருந்தால் குழாயே கழன்றாலும் அசையாது. நடுவில் ஒரு கம்பியைத் தேடி இரண்டு வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டார். கிடைத்த அன்று, பட்டறை முதலாளியும் பள்ளித் தோழனுமான நிஷிவாகி அவருக்குச் சாக்கே மது ஊற்றிக் கொடுத்துத் தானும் குடித்து அழுதான்.

ஒருநாள் மதியம் மாட்சுயோ அம்மாளின் உதோன் நூடுல்ஸ் கடையில் புது வால்வைப் பொருத்திவிட்டு, வழக்கம்போல வித்தை காட்டக் குழாயைப் பிடுங்கினார். உஸ்ஸென்று கேஸ் வந்துகொண்டே இருந்தது. பதறிப்போய் மெயினை மூடினார்.

"தானா அடைக்கும்னு சொன்னீங்களே, உகாய்-சான்?"

வால்வைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது அவருடைய ஸ்பிரிங் இல்லை. தடித்த கம்பி.

பட்டறைக்கு வந்து வரைபடத்தை எடுத்தால், கம்பியின் கனம் திருத்தப்பட்டிருக்கிறது. பக்கத்தில், ஒப்புதல் கையெழுத்துக்குப் பதிலாக, சிவப்பாக உகாயின் முத்திரை. தான் இல்லாதபோது பார்சல் வந்தால் குத்தி வாங்கிக்கொள்ளட்டும் என்று, எல்லோரையும்போல அவரும் நிஷிவாகியின் மேசையில் போட்டுவைத்திருந்த முத்திரை.

"என்னடா இது?" என்று நிஷிவாகியின் முன் அதை விரித்தார்.

"சும்மா சும்மா அடைக்குதுன்னு கடைக்காரங்க உயிரை எடுக்கறாங்க. உங்கிட்ட சொன்னா ஆறு மாசம் இழுப்பே."

"எத்தனை போயிருக்கு?"

"முந்நூறு, கடைக்கு ஒண்ணு. வாயைத் திறக்காதே. முத்திரை உன்னுது, மாட்டிக்கப்போறதும் நீதான்."

முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன், கண்ணைப் பார்த்தே சொன்னான். கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான்.

மறுநாளிலிருந்து, வீட்டிலேயே சுற்றிய ஸ்பிரிங்குகளோடு சைக்கிளில் கடை கடையாகப் போனார். நிஷிவாகியைக் கைகாட்டினால் விசாரணையிலேயே பொழுது போகும். தன் தப்பு என்றால் உடனே கழற்ற விடுவார்கள். "தப்பு என்னோடதுங்க" என்று வாசலுக்கு வாசல் இடுப்பு வலிக்கக் குனிந்தார்.

நூற்றுப் பத்தாவது கடையில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நிஷிவாகி எல்லாக் கடைகளுக்கும் அனுப்பியது: 'வடிவமைப்பாளர் உகாய் தம் தவற்றை வாடிக்கையாளர்களிடமே ஒப்புக்கொண்டுவிட்டதால், அவரைப் பணியிலிருந்து நீக்கியுள்ளோம்.'

"இந்த ஆளு நீங்கதானா?" என்றார் கடைக்காரர்.

உகாய் அதை இரண்டு தரம் படித்தார். இன்னும் நூற்றுத் தொண்ணூறு கடை பாக்கி.

"நான்தாங்க," என்று குனிந்தார். "அந்த வால்வை மட்டும் கழற்ற விடுங்க."