கப்பல் ஏறப் போகிறவர்களுக்கு ஒரு பேக்கிங்காரி சொல்வது

நேற்று பக்கத்து வீட்டு மருமகள் என் பெட்டியை இரவல் கேட்டு வந்தாள். கல்யாண நாளுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போகிறார்களாம். பெட்டியோடு நாலு யோசனையும் வேண்டுமாம். எங்கள் வீதியில் கப்பலில் போய்வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மவுசு உண்டு. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தேன். குப்பென்று பாலிபேக் வாசம். போன வருஷம் சேலை ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அந்தக் கவர்கள் அப்படியே உள்ளே கிடந்தன.

அந்த வாசம் மூக்கில் ஏறினால் போதும், எனக்கு வயது இருபத்திரண்டு ஆகிவிடும். பனியன் கம்பெனியின் பேக்கிங் மேஜை முன்னால் நின்றுகொண்டிருப்பேன். டீ-ஷர்ட்டை அட்டை வைத்து மடித்து, கவரில் நுழைத்து, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டித் தள்ள வேண்டும். முப்பத்தோரு வருஷம் அதைத்தான் செய்தேன். இன்றைக்கும் இட்லித் துணியைக்கூட என்னால் சும்மா மடிக்க முடியாது, நாலு மூலையும் சேர்ந்தாக வேண்டும்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். என்றைக்காவது உதவும். முதலில் அறை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பார்த்துக் கேளுங்கள். முன்னாலும் பின்னாலும் ஆட்டம் ஜாஸ்தி. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் இல்லாத அறை போதும், அறைக்குள் உட்காரவா போகிறீர்கள்? ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். கப்பல் கிளம்பும் அன்று காலை ரயிலை நம்பாதீர்கள், முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். நீங்கள் வரும்வரை கப்பல் நிற்காது.

பாருங்கள், இதைச் சொல்லும்போது என் குரல் எங்கள் பழைய மேனேஜரின் குரல் மாதிரியே ஆகிவிடுகிறது. "கப்பல் நிக்காதுங்க அம்மிணி." எங்கள் பனியன் பெட்டியெல்லாம் வெளிநாட்டுக்குச் சரக்குக் கப்பலில்தான் போகும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைக் கேட்டு வளர்ந்த ஜாதி நாங்கள். சாயம் போடுகிற டையிங்கிலிருந்து துணி லேட்டாக வரும், தையலில் லேட்டாகும், இஸ்திரியில் லேட்டாகும், அத்தனை பேருடைய தாமதத்தையும் கடைசியில் பேக்கிங்காரிகள்தான் ஓடிப்பிடிக்க வேண்டும். எனக்குக் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு. நாலாம் நாள் கழுத்தில் மஞ்சள் காயாமல் வந்து டேப் ஒட்டினேன். அந்தக் கப்பலை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காணாத ஒன்றுக்கு இத்தனை பயந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெசிந்தாக்கா எனக்கு எதிர்ப் பக்கத்தில் நின்று மடிப்பார். என்னைவிட ரெண்டு வயது மூத்தவர். தூத்துக்குடிப் பக்கத்து ஊர். புருஷனோடு பிழைக்க வந்து, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவனைப் பறிகொடுத்து, அவனைத் தனியாளாக வளர்த்தவர். என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. "நீங்க வாங்க" என்று குழந்தையிடம்கூட மரியாதையாகப் பேசுகிற ஊரில் பிறந்தவள் நான். ஒரு மாதத்தில் அந்த ஏட்டியைக் கேட்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. ஜெசிந்தாக்காவின் அப்பா இறந்துவிட்டார், சாயங்காலம் ஆறு மணிக்கு அடக்கம், உடனே அனுப்புங்கள் என்று செய்தி. அப்போதே பஸ் ஏறியிருந்தால் நாலு, நாலரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மேனேஜர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "லோடு ஏறட்டுங்க அம்மிணி. அப்பறம் சொல்லிக்கலாம். கப்பல் போயிருச்சுன்னா அத்தனையும் போச்சு."

நான் தலையாட்டினேன். திரும்பி வந்து மேஜை முன்னால் நின்றேன். ஜெசிந்தாக்கா மடித்துக்கொண்டே, ரிஜெக்ட் பீஸில் நல்லதாகப் பார்த்து அப்பாவுக்கு ரெண்டு பனியன் எடுத்து வைத்திருப்பதாகவும், கிறிஸ்துமஸுக்குக் கொண்டுபோகப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ம் கொட்டினேன். ஒரு மணிக்குக் கடைசிப் பெட்டி ஏறி, லாரி கேட்டைத் தாண்டிய பிறகுதான் சொன்னேன். நாலரை மணி நேரம். அவர் போய்ச் சேர்வதற்குள் மண் போட்டு மூடிவிட்டார்கள்.

அந்த லாரி போனதும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத்தான். ஜெசிந்தாக்காவின் ஊர் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல். டீ-ஷர்ட்டையெல்லாம் அவர் ஊருக்கு அனுப்பிவிட்டு, அவரை இங்கே நிறுத்தி வைத்திருந்தோம். திரும்பி வந்தபின் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான், அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேலையை விட்டபின் ஒரு நாள் செல்போனில் கப்பல் விளம்பரம் பார்த்தேன். மூன்று ராத்திரி, நாலு பகல். விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பலாம். அந்தச் சனியனை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வந்துவிடலாம் அக்கா என்றேன். என் வீட்டுக்காரருக்கு டவுன் பஸ்ஸிலேயே தலை சுற்றும், அவர் ஆளை விட்டால் போதும் என்று சந்தோஷமாகச் சம்மதித்தார். சொந்தபந்தம்தான் குதித்தது. ஆட்டமும் குடியுமாக இருக்கிற இடத்தில் ரெண்டு கிழவிகளுக்கு என்ன வேலை என்று என் நாத்தனார் கேட்டாள். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

இங்கே ஒரு யோசனை. போகிற விஷயத்தைத் தேவையான ஆட்களுக்கு மட்டும் சொல்லுங்கள். நாலு பேரிடம் கேட்டால் நாப்பது தடை சொல்வார்கள். நாங்கள் எல்லோரிடமும் சொல்லித் தொலைத்தோம்.

ஜெசிந்தாக்காவின் மகன் அருள், நெருப்பெரிச்சல் என்கிற பக்கத்து ஊரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறான். அங்கே பேக்கிங் முழுக்க அம்மாதான். நாங்கள் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால், டையிங்கில் கலர் சேராமல் திரும்பிப்போன துணியெல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. அதே வாரம் லோடு போக வேண்டும். அருள் என் வீட்டுக்கு வந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, எங்கள் பேச்சுத்தான் பேசுவான். "சித்தி, நீங்க சொன்னா அம்மா கேக்குமுங்க. ட்ரிப் கேன்சல் ஆயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. கப்பல் போயிருச்சுன்னா நான் எந்திரிக்கவே முடியாதுங்க" என்றான்.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. கண்ணில் தூக்கம் இல்லை. ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவை அடைத்த வாய் போதும் கண்ணு, நீயே உங்கம்மாவிடம் போய்ச் சொல் என்றேன். ஒற்றையாக அனுப்ப மனசில்லாமல் கூடவே நானும் போனேன்.

ஜெசிந்தாக்கா யூனிட்டில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். மகன் சொன்னதையெல்லாம் கேட்டார். கையில் இருந்த பெட்டியை மடித்து முடித்தார், டேப்பும் ஒட்டினார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"ஏல, எங்கய்யா செத்தன்னைக்கும் இதத்தான் சொன்னாவ."

அருளுக்கு அந்தக் கதை தெரியாது என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் பெற்ற மகனிடம்கூடச் சொல்லவில்லை. பேக்கிங் தெரிந்த ரெண்டு பெண்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மறுநாள் சென்னை ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழி முழுக்க நான்தான் பேசினேன்.

எங்கள் பெட்டிகளைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். மேலே பேக்கிங் லிஸ்ட் ஒட்டியிருந்தோம். சேலை ஆறு, துண்டு ரெண்டு, மொத்த எடை இத்தனை கிலோ என்று. பெட்டி ஒன்று, பெட்டி ரெண்டு என்று நம்பர் வேறு. மாத்திரை டப்பாவையும் ஒழுங்காக லிஸ்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டோம். துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு விடுகிறார்கள், அறைக்கு வந்துசேர மூன்று, நாலு மணி நேரம் ஆகிறது. எனக்குப் பிரஷர் மாத்திரை இல்லாமல் தலை கிறுகிறுத்தது. ஆகவே மருந்து, ஒரு மாற்றுத் துணி, அடையாள அட்டை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி வேண்டாம். முப்பத்தோரு வருஷம் கழுத்தில் தொங்கிய என் கத்தரியைச் செக்கிங்கில் ஒரு ஹிந்திக்காரப் பெண் பிடுங்கிக்கொண்டாள். ஜெசிந்தாக்காவின் கருப்பட்டி மிட்டாயும் போயிற்று. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள்.

கப்பலுக்கு நடந்து போகிற வழியில் தூரத்தில் கன்டெய்னர் அடுக்கி வைத்திருந்தது. நாலு மாடி உயரம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஜெசிந்தாக்கா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "இத்தன பெட்டிக்குள்ள நம்ம பெட்டி வரலன்னு எவனுக்குட்டி தெரியப்போவுது?" என்று கேட்டார்.

உள்ளே போனதும் ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று ஒத்திகை வைப்பார்கள். தட்டிக்கழிக்காதீர்கள். எங்களுக்கு அதில் நல்ல பழக்கம், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் எங்கள் கம்பெனியிலும் ஒத்திகை நடக்கும், எல்லாக் கதவும் திறந்திருக்கும். ஏசி குளிர் எலும்பைத் தொடும், ஒரு போர்வை வேண்டும். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கப்பல் ஆடுவதற்கு முன்பே போடுங்கள். பந்தி மாதிரி வரிசையில் நின்று எடுக்கிற சாப்பாட்டைவிட, உட்கார வைத்துப் பரிமாறுகிற கூடம் நிம்மதி. சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எல்லாக் கூத்தையும் பார்த்தே தீருவேன் என்று ஓடாதீர்கள். நாங்கள் ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போனோம், கப்பலுக்குள் இருக்கிற கடையில் ஒரு டீ-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பித் தையல் பார்த்துக் கடைக்காரப் பையனை மிரளவைத்தோம், மிச்ச நேரமெல்லாம் மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். முப்பது வருஷம் நின்ற கால்கள். ஒருத்தன் வந்து குனிந்து என்ன வேண்டும் மேடம் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதில் அத்தனை சுகம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடுக்கடலில் செல்போன் எடுக்காது. வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். ஜெசிந்தாக்கா போனைப் பையில் போட்டவர் எடுக்கவே இல்லை. ஆனால் ஒன்றும் நினைக்காமல் இருந்தார் என்று சொல்ல மாட்டேன். சாப்பிடும்போது திடீரென்று, பெட்டிக்கு இருபத்துநாலு பீஸ் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேனா என்று கேட்பார். மகன் நொடிந்துபோனால் அந்தப் பழி தன் தலையில்தான் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்படியும் திரும்பிப் போயிருக்கலாமோ என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை.

கடைசி நாள் காலை சென்னைக் கரை தெரிந்ததும் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தின. அருள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். ஜெசிந்தாக்கா என்னையும் கேட்கச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, லோடு ரெடியாகலை. பையர்கிட்ட கேட்டுப் பார்த்தேன், செரின்னுட்டாங்க. அடுத்த கப்பல்ல போட்டுக்கலாமாம். நீ பத்திரமா வா."

ரெண்டாம் தடவை போட்டுக் கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். அப்புறம் கரையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அன்னைக்கும் அடுத்த கப்பல் இருந்திருக்கும்லா?" என்றார்.

இருந்திருக்கும். எல்லாப் பையரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் அன்றைக்கு ஒருத்தர்கூடக் கேட்டுப் பார்க்கவில்லையே. ஒரு போன் போட்டு, எங்கள் பெண்ணுக்கு அப்பா தவறிவிட்டார், நாலு மணி நேரம் தள்ளிப்போகும் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அவர் ஒருத்தர் இல்லாமல் அந்த லோடு ஏறியிருக்காதா என்றும் யாரும் யோசிக்கவில்லை.

ஊருக்கு வந்த மறுவாரம் நாங்கள் ரெண்டு பேரும் ஆட்டோ பிடித்து எங்கள் பழைய கம்பெனியைப் பார்க்கப் போனோம். கம்பெனி இல்லை. கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துகிற இடமாகிவிட்டது. லோடு ஏற்றுகிற மேடையை இடித்துத் தார் போட்டுவிட்டார்கள். ஆபீஸ் அறை எந்தப் பக்கம் இருந்தது என்பதில் எங்களுக்குள்ளேயே தகராறு. மேனேஜர் செத்து ஏழெட்டு வருஷம் ஆயிற்று. உயிரோடு இருந்திருந்தால் வாசலில் போய் நின்று, ஏனுங்க, ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தீங்களா என்று கேட்காமல் விட்டிருக்க மாட்டேன் என்று பொருமினேன்.

"நீயும் கேக்கலயேட்டி" என்றார் ஜெசிந்தாக்கா. குரலில் கோபம் இல்லை. இத்தனை வருஷத்தில் அதை அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

"கேக்கலைக்கா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது, அழுதேன், மண்டபத்துக் காவல்காரர் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மேனேஜர் போய்விட்டார், மேஜை போய்விட்டது, எட்டரை மணிக்குத் தலையாட்டிவிட்டு ஒரு மணிவரை ம் கொட்டிக்கொண்டு நின்றாளே ஒருத்தி, அவளும் போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று. மற்ற எல்லாவற்றுக்கும் அழுதேன், அவளுக்காக மட்டும் அழவில்லை.